மாற்றி எடுத்த வாக்குத்தத்தம்

உலகத்தின் பெரிய வீழ்ச்சிகள் எல்லாம் பெரிய வெற்றிகளுக்கு மறுநாள் காலையில்தான் தொடங்கியிருக்கின்றன. சாம்ராஜ்யங்கள் அப்படித்தான் சரிந்தன. பேரரசர்கள் அப்படித்தான் மண்ணைக் கவ்வினார்கள். கோட்டைக் கதவுகள் உள்ளேயிருந்து திறக்கப்பட்டதெல்லாம் வெற்றி விருந்து முடிந்து காவலர்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான். தங்கராஜின் வீழ்ச்சி, ஜனவரி முதல் தேதி காலை, சேக்காட்டில், ஒரு பழைய ஸ்வீட் டப்பாவுக்குள் கையை விட்டபோது தொடங்கியது.

டப்பாவுக்குத் தங்கக் காகிதம் ஒட்டியிருந்தது. உள்ளே வாக்குத்தத்த அட்டைகள். ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் தகரக் கூரை போட்டு நடக்கும் அந்தச் சபையில், புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கு ஓர் அட்டை எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் அந்த ஆளுக்குச் சொல்லும் வார்த்தை. எடுத்தவர் மைக்கில் வாசிப்பார், சபை ஆமென் சொல்லும். அட்டைகளை பாஸ்டரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் டப்பாவில் போடுவார். ஆசீர்வாதம், உயர்வு, சமாதானம், சுகம் ஆகியவை மட்டும். வேதத்தில் கண்டித்துப் பேசும் இடங்களும் தாராளமாக உண்டு. ஆனால் வருஷத்தின் முதல் நாளே ஆண்டவரிடம் திட்டு வாங்க யாரும் பஸ் பிடித்து வரமாட்டார்கள் என்பது பாஸ்டரம்மாவின் ஊழிய அனுபவம்.

போன வருஷம் தங்கராஜுக்கு வந்த அட்டை, அவர் வாலாக அல்ல, தலையாக இருப்பார் என்றது. ஏப்ரலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வேலை பார்த்த ஐடி கம்பெனியில் மேனேஜர் ஆக்கினார்கள். அக்டோபரில் அயனம்பாக்கத்தில் ஏரி தெரியும் ஃப்ளாட்டுக்குக் குடிபோனார். ஏரி முழுதாகத் தெரியாது. பால்கனியின் இடது மூலையில் நின்று கழுத்தை நீட்டினால் ஒரு துண்டு தெரியும்.

"இந்த அட்டையெல்லாம் பலிக்குமான்னு யாராவது சந்தேகப்பட்டா, நம்ம தங்கராஜ் பிரதரைப் பாருங்க" என்றார் பாஸ்டர் மோகன். பார்த்தார்கள். நூம்பல் சபையில் கூப்பிட்டு, ஆண்டவர் தனக்குச் செய்ததை மேடையேறிச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள், பூந்தமல்லியில் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள். சேக்காட்டு வாடகை வீட்டில், கேஸ் சிலிண்டருக்கும் பீரோவுக்கும் நடுவில் முழங்கால் போட்டு, இருட்டு பிரியுமுன் ஜெபித்த கதையை அவர் சொல்லும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சாட்சி சொல்லச் சொல்ல நீண்டது. ஜெபம் சொல்லாமல் கொள்ளாமல் குறைந்தது. முதலில் அமெரிக்காக்காரர்களோடு காலை மீட்டிங் என்று நின்றது. பிறகு மீட்டிங் சாயங்காலத்துக்கு மாறியது. ஜெபம் திரும்பி வரவில்லை.

புது ஃப்ளாட்டில் மூன்றாவது படுக்கையறைக் கதவில் 'ஜெப அறை' என்று பொன்னெழுத்தில் பலகை அடித்திருந்தார். உள்ளே முழங்காலுக்கு மெத்தை, மெல்லிய விளக்கு, ஏசி. ஐப்பசி மழைக்குத் துணி காயப்போடும் ஸ்டாண்டு உள்ளே வந்தது. மழை நின்ற பிறகும் அது வெளியே போகவில்லை.

"முன்னாடி ஜெபத்துக்கு ரூம் இல்ல" என்றாள் அவர் மனைவி எப்சிபா, போர்வை உதறிக்கொண்டே. "இப்ப ரூமுக்கு ஜெபம் இல்ல."

"ஆண்டவர் இருதயத்தைப் பாக்கிறவர்" என்றார் தங்கராஜ்.

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

இந்த நிலைமையில்தான் அவர் டப்பாவுக்குள் கையை விட்டார். சபையே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. தலையானவருக்கு இந்த வருஷம் என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் ஆவல். அட்டையைத் திருப்பினார். நிற்கிறேன் என்று நினைக்கிறவன் விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளட்டும் என்று கண்டிக்கும் வசனம் அது. பாஸ்டரம்மாவின் மூக்குக்கண்ணாடி போன வாரம் உடைந்து போயிருந்ததை அவர் அறியார். யாரோ தன் வீட்டு மூன்றாவது அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து அச்சடித்தது போல இருந்தது.

பாஸ்டர் மைக்கை நீட்டினார். தங்கராஜ் அட்டையை டப்பாவுக்குள் விட்டார்.

"ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்துருச்சு பாஸ்டர்" என்று சிரித்தார். டப்பாவை ஒரு குலுக்குக் குலுக்கி இன்னொன்றை எடுத்தார். அது அவருடைய எல்லைகள் விரிவாகும் என்றது. அதை அவர் மைக்கில் வாசித்ததும் தகரக் கூரை அதிர ஆமென் எழுந்தது.

அவருக்கு அடுத்து வரிசையில் நின்றவன் கஜபதி. ஆவடி–பூந்தமல்லி ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்கு டோலக் வாசிக்கிறவன். அவன் கையை விட்டு மேலாக இருந்ததை எடுத்தான். எழுத்துக் கூட்டி மைக்கில் வாசித்தான். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கியது. ஆமென் சொல்லலாமா என்று சபை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. "இதுவும் ஒரு வகையில ஆசீர்வாதம்தான்" என்றார் பாஸ்டர் மோகன், அடுத்த ஆளை அவசரமாகக் கூப்பிட்டபடி.

தங்கராஜ் கேக் வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். முடிந்தது என்று நினைத்தார்.

மூன்றாம் நாள் விடியற்காலை கீழே செக்யூரிட்டியிடமிருந்து இன்டர்காம் வந்தது.

"சார், கஜபதின்னு ஒருத்தர் ஷேர் ஆட்டோ எடுத்துட்டு உள்ள வரணும்ங்கறார். என்ன விஷயமான்னு கேட்டா, பாவ விஷயமாங்கறார். ஆப்ல அப்படி ஆப்ஷன் இல்ல சார். டெலிவரின்னு போடட்டுமா?"

கஜபதி காக்கிச் சட்டையோடு மேலே வந்தான். கையில் அட்டை. "அண்ணாத்தே, தப்பா நென்ச்சிக்காத. எனக்கு வார்னிங் வந்துகீது. மூணு நாளா தூக்கம் புடிக்கல. நீதான் ஜெபவீரன்னு பாஸ்டரே சொல்லிகீறாரு. வண்டி எடுக்கறதுக்கு மின்ன உன்கூட ஒரு அரமணி ஒக்காந்து ஜெபம் பண்ணிகினு போறேன். உன் ரூமுல."

தங்கராஜ் வாயைத் திறப்பதற்குள் எப்சிபா துணி ஸ்டாண்டை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். "உள்ள போங்க தம்பி. அண்ணன் தினமும் அங்கதான் விழுந்து கெடக்கார்" என்றாள். அவள் முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை.

அப்படித்தான் தங்கராஜின் எச்சரிக்கை, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு தினமும் லிஃப்டில் ஏறி வரத் தொடங்கியது.

கஜபதி மெத்தையை ஒதுக்கிவிட்டுத் தரையில் முழங்கால் போட்டான். கண்ணை மூடியதும் பக்கத்தில் ஆள் இருப்பதை மறந்துபோனான். தங்கராஜ் கண்ணை மூடினால் உள்ளே ஆபீஸ் ஓடியது. ஆண்டவரே என்று தொடங்கினால், இந்தக் காலாண்டில் நாம் சாதித்தவை என்று வந்து நின்றது. முழங்காலை மாற்றி மாற்றி வைத்தார். பையிலிருந்த போன் துடித்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். கஜபதி அழுதுகொண்டிருந்தான்.

ஒரு வாரத்தில் அவன் பாவ அறிக்கைகளைத் தொடங்கினான். கிறிஸ்துமஸ் விருந்தில் பிரியாணிப் பொட்டலம் ஒன்று கூட எடுத்தது. பருத்திப்பட்டில் கை காட்டிய கிழவரை, சில்லறை கேட்டுப் பேஜார் பண்ணுவார் என்று ஏற்றாமல் போனது. பிரசங்கம் நீளும்போது டோலக் வாரை இழுத்துக் கட்டுவது போல நடித்துத் தூங்கியது.

"இதெல்லாம் சின்ன விஷயம் கஜபதி" என்றார் தங்கராஜ்.

"சின்னதா இர்ந்தா எனக்கு இன்னாத்துக்கு வார்னிங் வர்து? பெர்சா ஒண்ணு கீது அண்ணாத்தே. எனக்குத் தெர்ல. அதான் தேடிகினு கீறேன்." அவன் அட்டையைத் திரும்பப் படித்தான். "நிக்கிறவன் வுழுவான்னு போட்டுகீது. நா எங்க நிக்கிறேன்? எட்டாவது ஃபெயிலு. ஆட்டோ மச்சானுது. ஊடு வாடக. நின்னாதான வுழறதுக்கு?"

தங்கராஜுக்கு அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. ஆனால் அன்று சாயங்காலம்தான் பாஸ்டர் மோகன் அவர் வீட்டுக்கு வரப்போவதாகச் சொல்லியிருந்தார், ஏதோ நல்ல செய்தியோடு. வார்த்தை திரும்பி உள்ளே போனது.

நல்ல செய்தி இதுதான்: தங்கராஜைச் சபையின் மூப்பர் ஆக்கப் போகிறார்கள். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. பிரதிஷ்டையோடு அவரே ஒரு பிரசங்கச் செய்தியும் கொடுக்க வேண்டும். யூடியூபில் நேரலையாகப் போகும். "தலைப்பு நானே யோசிச்சு வச்சுட்டேன் பிரதர்" என்றார் பாஸ்டர், முந்திரியை வாயில் போட்டுக்கொண்டு. "ஜெயத்துக்குப் பின் விழித்திருத்தல். உங்களைவிட்டா வேற யார் பேசறது?"

எப்சிபா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து ஒரு இருமல் கேட்டது. அது இருமல்தானா என்று தங்கராஜுக்கு நிச்சயமில்லை.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. செய்திக்கு ஸ்லைடு தயாரித்தார். விழித்திருத்தலுக்கு ஆந்தைப் படம் போட்டார், சகுனம் என்று யாராவது சொல்வார்கள் என்று எடுத்துவிட்டுக் கலங்கரை விளக்கம் போட்டார். பால்கனியின் இடது மூலையில் போய் நின்றார். ஏரித் துண்டைப் பார்த்தார். உள்ளே வந்தார். திரும்பப் போனார். நான் ஒன்றும் திருடவில்லை, டப்பாவில் இருந்ததைத்தான் எடுத்தேன் என்று ஒரு நாள் வாதாடினார். பாஸ்டரம்மா அந்த அட்டையைப் போட்டிருக்கவே கூடாது என்று மறுநாள் வாதாடினார். யாரும் எதிர்வாதம் செய்யவில்லை. அதுதான் தொல்லையாக இருந்தது. கஜபதி மட்டும் தினமும் வந்து, அவர் இடத்தில் உட்கார்ந்து, அவருடைய பாவத்தைத் தன் சட்டைப் பைகளில் துழாவிக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரு நாள் கஜபதி சிரித்த முகத்தோடு வந்தான்.

"கண்டுபுடிச்சிட்டேன் அண்ணாத்தே. டோலக்கு."

"டோலக்குக்கு என்ன?"

"அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அத வாசிக்க சொல்ல, இந்த சபையில என்னைய உட்டா ஆள் இல்லன்னு உள்ள ஒர்த்தன் சொல்லிகினே கீறான். மெய்யாலுமே. பாட்டு முட்ஞ்சதும் பொம்பளைங்க பாக்கறாங்களான்னு பாப்பேன். அதான் பெரும. அதுலதான் நா நிக்கிறேன், அதுலதான் வுழப்போறேன். உட்டுட்டேன். தொடமாட்டேன்."

"வேண்டாம் கஜபதி. உனக்குப் பெருமையே கிடையாது."

"அப்ப வசனம் பொய்யா?"

தங்கராஜ் ஏசி ரிமோட்டை எடுத்தார். எதற்கென்று தெரியாமல் திரும்ப வைத்தார்.

அந்த ஞாயிறு டோலக் இல்லாமல் ஆராதனை நடந்தது. பாஸ்டர் ஒரு வேகத்தில் பாடினார், சபை இன்னொரு வேகத்தில் பாடியது, கீபோர்டு வாசிக்கும் கவிப்பிரியா இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு சரணத்தில் நிறுத்தியே விட்டாள். கஜபதி கடைசி வரிசையில் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். வெளியே விட்டால் அவை தானாகத் தாளம் போடும் என்று பயம். ஆராதனை முடிந்து படியிறங்கும்போது, டோலக்கைப் பூந்தமல்லி சபைக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னான். அடுத்த ஞாயிறு பிரதிஷ்டை முடிந்ததும் ஆட்டோவிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவானாம்.

"அது அவங்கப்பா வாங்கிக் குடுத்தது" என்றாள் எப்சிபா, காரில். "ஊர்ல கடன் வாங்கி." சிறிது தூரம் போனபின், "உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? ஏசி போட்டுத்தானே இருக்கு" என்றாள்.

அப்போது அவளிடம் சொன்னார். பருத்திப்பட்டு சிக்னலில் நின்றபோது, முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, அட்டையை மாற்றி எடுத்ததை, ஒரே மூச்சில். எப்சிபா அவரைத் திட்டவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

"அவன்ட்ட எப்ப சொல்லப் போறீங்க?"

"மூப்பர் ஆனதுக்கப்புறம் சொல்லலாம்னு..."

"ஓ" என்றாள். சிக்னல் விழுந்தது.

சனிக்கிழமை காலை கஜபதிக்கு ஆர்டிஓ ஆபீஸில் வண்டிக்கு எஃப்.சி. எடுக்கும் வேலை, வரவில்லை. தங்கராஜ் ஜெப அறையில் தனியாக முழங்கால் போட்டார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அப்படிச் செய்வது முதல் தடவை. பரலோகத்தில் இருக்கிற மகா உன்னதமான தேவனே என்று கணீரென்று தொடங்கினார். குரல் அறையைச் சுற்றிவிட்டுத் திரும்ப அவரிடமே வந்தது. நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். நிறுத்தினார். எழுந்து கதவு வரை போனார். கதவில் கையை வைத்துக்கொண்டு, நின்ற வாக்கிலேயே, "எனக்குக் கேவலமா இருக்கு" என்றார். அழகான வாக்கியம் அல்ல. எந்தச் சாட்சியிலும் சேர்க்க முடியாதது. ஆனால் அதைச் சொன்னபோது, வெகு நாளைக்குப் பிறகு, யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எப்சிபா இரண்டு தடவை டிபனுக்குக் கூப்பிட்டுவிட்டு, மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

ஞாயிறு சபை நிறைந்திருந்தது. நூம்பலிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஸ்டாண்டில் போனை மாட்டி நேரலை ஓடியது. தங்கராஜுக்கு மாலை போட்டார்கள். திரையில் கலங்கரை விளக்கம் தெரிந்தது. தங்கராஜ் மைக்கைப் பிடித்தார். கடைசி வரிசையில் கஜபதி, மடியில் உறை போட்ட டோலக்.

"இந்த ஸ்லைடை நிறுத்துங்க" என்றார் தங்கராஜ். "கஜபதி, அந்த அட்டை உன்னோடது இல்ல. என்னோடது. எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. பிடிக்காம உள்ள போட்டுட்டு வேற எடுத்தேன். ரெண்டு ஒட்டிக்கிச்சுன்னு சொன்னது பொய். நான் ஜெபிச்சே பல மாசம் ஆச்சு. உங்ககிட்ட சாட்சி சொல்லிக்கிட்டு திரிஞ்சப்பெல்லாம் நான் ஜெபிக்கல." "எனக்கு மூப்பர் பதவி வேண்டாம்" என்று முடித்தார். மாலையைக் கழற்றினார். அது அவர் மூக்குக்கண்ணாடியில் சிக்கிக்கொண்டது.

தகரக் கூரைக்கு மேல் காக்கை நடக்கும் சத்தம் கேட்டது. பாஸ்டர் மோகன் டப்பாவைப் பார்த்தார், பாஸ்டரம்மாவைப் பார்த்தார், நேரலை ஓடும் போனைப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கினார்.

"எவ்வளவு தாழ்மை" என்றார், குரல் நடுங்க. "சபையாரே, எவ்வளவு தாழ்மை பாருங்க. இவர் இல்லாம யார் மூப்பராகிறது?"

சபை எழுந்து நின்று கை தட்டியது. தங்கராஜ் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்டத் தட்டல் கூடியது. மாலையைத் திரும்பப் போட்டார்கள். பூந்தமல்லிக்காரர் ஒருவர் அடுத்த மாதம் எங்கள் சபையில் இதையே சொல்ல வேண்டும் என்று அங்கேயே தேதி கேட்டார்.

கஜபதி மட்டும் கை தட்டவில்லை. நேராக முன்னால் வந்தான். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துத் தங்கராஜ் கையில் திணித்தான்.

"இன்னா நைனா இது? ஒரு மாசமா தூங்காம ஒன் பாவத்த நா தேடிகினு இர்ந்தனா? எங்கப்பன் டோலக்க தூக்கிக் குடுக்க இர்ந்தேன்யா."

"மன்னிச்சுடு கஜபதி."

"மன்னிக்கறேன். வேற வழி? சபையில நின்னு கேக்கற." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஏதோ உறைத்தது. "இரு இரு. அப்ப அந்த எல்ல விரிவாவும்னு வந்துச்சே, அது யார்து? நீ மறுபடி உள்ள கைய உடாங்காட்டி அது எனக்கில்ல வந்துருக்கும்?"

"இருக்கலாம்."

"என் ஏரியாவ சாப்ட்டுட்டு, ஒன் வார்னிங்க என் தலையில கட்டிகீறே. குடு அத."

அது தங்கராஜ் வீட்டு ஹாலில் லேமினேட் செய்யப்பட்டு மாட்டியிருந்தது. சாயங்காலம் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். கஜபதி டோலக்கின் உறையைப் பிரித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனான். கவிப்பிரியா ஒரு ஸ்வரத்தைத் தொட்டாள். டோலக்கின் அடி விழுந்ததும் பாஸ்டரும் சபையும் ஒரே வேகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பாட்டு முடிந்ததும் கஜபதி பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை யாரும் இன்டர்காமில் கூப்பிடவில்லை. தங்கராஜ் தானாகவே எழுந்து, இருட்டு பிரியுமுன், ஜெப அறையில் முழங்கால் போட்டார். ஜெபம் நன்றாகவே தொடங்கியது. சனிக்கிழமை கேட்டவர் இன்றும் கேட்பது போலிருந்தது. நன்றி சொன்னார். கஜபதிக்காகக் கேட்டார். எப்சிபாவுக்காகக் கேட்டார். இனி தன்னைத் தாழ்மையாகவே வைத்துக்கொள்ளும்படி கேட்டார். அந்தத் தாழ்மை என்ற சொல்லில் மனம் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு போனை எடுத்து, யூடியூபில் தன் பாவ அறிக்கையை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தார். நாற்பத்திரண்டு. அதில் பாதிக்கு மேல் அவரே பார்த்தவை.